எறும்புகள் காலி செய்த வீடு

மகள் கிளம்பிப் போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பீரோவின் கீழ்த்தட்டில், பழைய போர்வைகளுக்கு அடியில், ஒரு நீலநிற ஃபைலை அவர் கண்டுபிடித்துவிட்டார். போர்வைகளை உதறி மடித்து வைக்கலாம் என்றுதான் குனிந்திருந்தார். விடுமுறை நாளில் மற்றவர்கள் காலை நீட்டிப் படுப்பார்கள்; இவர் மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பார். ஃபைலைத் திறந்து பார்த்தார். மகளின் பள்ளிச் சான்றிதழ்கள், கல்லூரிப் பட்டம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாக இருந்தன.

"பாரு, இதையும் மறந்துட்டுப் போயிட்டா," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஃபைலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது இருந்த இடத்துலயே இருக்கட்டும். விடுங்க."

"குழந்தையோட பொறப்புச் சான்றிதழ் இருக்கு. நம்ம வீட்ல எதுக்கு?"

"அடுத்த வியாழக்கிழமை வருவா இல்ல, அப்ப பாத்துக்கலாம். எல்லாத்தையும் நோண்டாதீங்க, விடுங்களேன்."

அவள் இரண்டு முறை விடுங்க என்று சொன்னாள். அவர் காதில் ஒருமுறைகூட விழவில்லை. இந்த ஒரு மாதமாக மகளுக்கு மறதி அதிகமாகிவிட்டது என்பதுதான் அவர் மனதில் ஓடியது. முதலில் குழந்தையின் கம்பளிக் குல்லா சோபாவுக்குப் பின்னால் கிடந்தது. அடுத்த வாரம் அவள் கிளம்பும்போது அதை எடுத்துவந்து அவள் பையில் திணித்தார். "ஆமாப்பா, மறந்துட்டேன்," என்று சிரித்தாள். அதற்கடுத்து இரண்டு சட்டையும் ஒரு சின்னப் போர்வையும், துணி அலமாரியின் மேல்தட்டில். அதையும் மடித்துக் கொடுத்தனுப்பினார். பொருட்கள் வாரத்துக்கு வாரம் இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன, அவரும் வாரத்துக்கு வாரம் விடாமல் கண்டுபிடித்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இந்த வீட்டில் என் கண்ணுக்குத் தப்பி ஒரு ஊசி இருக்க முடியாது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமைதான் மகள் வரும் நாள். மாப்பிள்ளையே காலையில் கொண்டுவந்து விடுவார். இரண்டு மணிக்கெல்லாம் கீழே வண்டி வந்து ஹார்ன் அடிக்கும், அவளையும் குழந்தையையும் வீட்டில் இறக்கிவிட்டு அவர் மாலை ஷிஃப்டுக்குப் போவார். ஒருநாள்கூட அவளைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பியதில்லை. எவ்வளவு அக்கறை என்று இவர் மெச்சிக்கொள்வார். ஹார்ன் சத்தம் கேட்டதும் மகள் பாதி குடித்த டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவதை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்ததெல்லாம் புரிந்துவிடுகிறதா என்ன?

போன வருஷம் ஒரு தடவை அவள் தனியாக வந்தாள். மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது மணிக்கட்டு வீங்கிப்போய், ஒரு பையோடு வந்து நின்றாள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னாள். சாயங்காலம் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, விழவில்லை என்று சொன்னாள். அதற்கு மேல் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே. "எந்த வீட்லதான் சண்டை இல்ல கண்ணு. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. குழந்தை முகத்தைப் பாத்து அனுசரிச்சுக்கோ," என்றார். மறுநாள் காலை அவளைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போய், பையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளையிடம், "கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த டீயையும் குடித்தார். அதற்குப் பிறகு மகள் எதையும் சொன்னதில்லை. சொல்லாததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் வேலை பார்ப்பது ஒரு தாவரவியல் தோட்டத்தில். ஏழு கண்ணாடி வீடுகளில் மூன்றாவது அவர் பொறுப்பு. மரத்தின்மேல் தொற்றி வளரும் செடிகளுக்கானது. மண்ணில் வேர்விடாத இனங்கள். மரப்பலகையில், பட்டையில், கம்பிக்கூடையில் கட்டித் தொங்கவிட வேண்டும். காலையில் பனிபோலத் தண்ணீர் தூவ வேண்டும், மதியத்துக்குள் ஈரம் காய்ந்துவிட வேண்டும், காற்று நிற்கக் கூடாது, வெயில் நேராக விழக் கூடாது. ஒரு இலை பழுத்தாலும் யார் தண்ணீர் விட்டது, யார் தொட்டது என்று விசாரணை வைப்பார். அதனால் தோட்டத்தில் அவருக்கு மாமியார் என்று பெயர். தோட்டக்காரர்கள், காவல்காரர், டிக்கெட் கொடுக்கும் பெண் எல்லோரும் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பட்டம் கிடைத்த மாதிரிதான்.

மாமியாருக்குப் பிடித்த மருமகள் அந்த எறும்புச்செடி. பதினாலு வருஷத்துச் செடி. அழகான செடி என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். அடிப்பாகம் பூசணிக்காய் அளவுக்கு உப்பி, சாம்பல் நிறத்தில், மேலெல்லாம் முள்ளோடு, ஏதோ கட்டி வந்து வீங்கிய மாதிரி இருக்கும். உச்சியில் நாலு தடித்த கிளை, தோல்செருப்புப் போன்ற இலைகள். ஆனால் அந்த உப்பலுக்குள்ளே ஒரு வீடே இருந்தது. விதை முளைத்துக் கொண்டைக்கடலை அளவுக்குப் பருக்கும்போதே உள்ளே சதை தானாகச் செத்துக் குழிந்து முதல் அறை உண்டாகிவிடும். எறும்பு வருமா வராதா என்று அது பார்ப்பதில்லை. வருஷாவருஷம் அறைக்கு மேல் அறையாகக் கட்டிக்கொண்டே போகும். இவர் செடிக்குள் ஆறாவது வருஷத்தில்தான், எங்கிருந்தோ சின்னக் கறுப்பு எறும்புகள் வந்து குடியேறின. அன்றைக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனார்.

உள்ளே இரண்டு விதமான அறைகள். ஒருவகை வழவழப்பான சுவர் உள்ளவை. அங்கேதான் எறும்புகள் முட்டையும் புழுவும் வைத்து வளர்க்கும். இன்னொரு வகையின் சுவர் சொரசொரப்பாக, பருப்பருவாக இருக்கும். அங்கே குப்பை, எச்சம், செத்த எறும்புகள். செடி சாப்பிடுவது அந்தச் சுவரால்தான். பார்வையாளர்கள் வந்தால் இதை அவர் ரசித்துச் சொல்வார். "அப்போ எறும்பு வாடகை கொடுக்குதா?" என்று யாராவது கேட்பார்கள். "கொடுக்காம? குப்பையாத்தான் வாங்கிக்கும். நம்ம வீட்டுக்காரங்க ஒத்துக்குவாங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எத்தனை முறை சொன்னாலும் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நாலு மாதத்துக்கு முன்னால் அந்தச் செடிக்கு ஒரு காரியம் செய்திருந்தார். எறும்பு போய்வரும் ஓட்டைகள் அடிப்பக்கம் இருந்ததால் வருகிறவர்கள் குனிந்து, கழுத்தைத் திருப்பி, "எங்க, எங்க?" என்று தேடினார்கள். பலகையை அவிழ்த்து, ஓட்டைகள் முன்னால் தெரிகிற மாதிரி, கொஞ்சம் மேல்நோக்கி, திருப்பிக் கட்டினார். செடிகளை ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா அப்போதே கேட்டார்: "தண்ணி உள்ள போயிடாதாண்ணே?" "நான் பாத்துக்கறேன் டாக்டரம்மா," என்றார் இவர். அதன்பிறகு கூட்டம் அந்தப் பலகை முன்னால்தான் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் கண்ணாடி வீட்டைத் திறந்தபோது, பலகையிலிருந்து பக்கத்துக் கூடைக்குப் போகும் கம்பியில் எறும்புகள் சாரைசாரையாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒன்று. புழுக்கள். அடுத்த கூடையில் தொங்கிய சின்ன எறும்புச்செடியின் ஓட்டைக்குள் போய் மறைந்தன. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடும்பம் பெருத்துவிட்டது, இடம் போதாமல் அடுத்த வீட்டையும் பிடித்துக்கொண்டன என்று நினைத்தார். டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். அவருக்கு உடனே செய்தி அனுப்பினார். செடியைத் தொட்டுப் பார்த்தார். இலைகள் கரும்பச்சையாக, விறைப்பாக இருந்தன. இரண்டு வெள்ளைப் பூக்கூட வந்திருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் மதிய இடைவேளையில் மகள் வீட்டுக்குப் போனார். மனைவி குளிக்கப் போயிருந்தபோது பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். முக்கியமான காகிதம், அது இருக்க வேண்டிய வீட்டில் இருக்கட்டும். இவளிடம் சொன்னால் மறுபடி விடுங்க விடுங்க என்பாள்.

மூன்றாவது மாடி. மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். குளித்துத் தலைசீவி, ஷிஃப்டுக்கான சட்டை போட்டிருந்தார். எப்போதும் போல மரியாதையாக, "வாங்க மாமா, என்ன இந்த நேரத்துல?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. இதை நேத்து அங்க மறந்து வச்சுட்டு வந்துட்டா. கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மாப்பிள்ளை ஃபைலை வாங்கி, நின்றபடியே ஒவ்வொரு உறையாகப் புரட்டினார். அவசரமே இல்லை. பிறப்புச் சான்றிதழ் வந்ததும் விரல் நின்றது.

"இதெல்லாம் உங்க வீட்லயா இருந்துது மாமா?"

"ஆமா. பீரோவுல போர்வைக்கு அடியில. எங்க வைக்கறோம்னே தெரியாம வச்சிருக்கா. மறதி ஜாஸ்தியாயிடுச்சு அவளுக்கு. போன வாரம் குட்டியோட போர்வை, சட்டை. அதுக்கு முன்னாடி குல்லா. நான்தான் ஒவ்வொண்ணா பொறுக்கி அனுப்பிட்டு இருக்கேன்." அவர் சிரித்தார். "சின்ன வயசுல ஜாமெட்ரி பாக்ஸைத் தினமும் ஸ்கூல்ல விட்டுட்டு வருவா."

மாப்பிள்ளையும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. உள்ளே நடைவழியில் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தாத்தாவை நோக்கிக் கையை நீட்டியது. அவள் அதன் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"டீ போடவாப்பா?" என்றாள்.

"வேணாம் கண்ணு, நேரமாச்சு. செடியில எறும்பு புதுசா வீடு பிடிச்சிருக்கு, போய்ப் பாக்கணும்."

"இருங்கப்பா. ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க."

அப்படி அவள் வற்புறுத்திக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவருக்கு மனம் குளிர்ந்தது. ஆனாலும் மணியைப் பார்த்தார். மாப்பிள்ளை கதவின் பிடியில் கை வைத்துக்கொண்டு, "மாமாவுக்கு வேலை இருக்கில்ல. நீங்க போங்க மாமா, நான் பாத்துக்கறேன்," என்றார். அவர் இரண்டு படி இறங்குவதற்குள் கதவு சாத்திய சத்தமும், மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டும் போடும் சத்தமும் கேட்டது. பத்திரமான வீடு என்று நினைத்துக்கொண்டே இறங்கினார்.

அடுத்த வியாழக்கிழமை மகள் வரவில்லை. மனைவி காலையிலிருந்து ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். மகளுடைய போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பதினோரு மணிக்கு மாப்பிள்ளைக்குப் பேசினாள். "உடம்பு சரியில்ல அத்தை, தூங்கறா," என்று வைத்துவிட்டார். "குட்டிக்குச் சளியா இருக்கும், பாவம் தூக்கம் கெட்டிருக்கும்," என்றார் இவர். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு மணிக்குக் கீழே ஏதோ வண்டி ஹார்ன் அடித்தது. ஜன்னலுக்கு ஓடினாள். வேறு யாருடைய வண்டியோ.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா ஊரிலிருந்து வந்து நேராகக் கண்ணாடி வீட்டுக்கு வந்தார். கம்பியில் எறும்புகள் இப்போது குறைந்திருந்தன. ஒன்றிரண்டுதான் போய்க்கொண்டிருந்தன. டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்று பார்த்தார்.

"அண்ணே, இவ்வளவு நாள் பாத்தீங்களே. ஒண்ணாவது இந்தப் பக்கம் சுமையோட திரும்பி வந்துச்சா?"

அவர் யோசித்தார். திரும்பி வந்த எறும்புகள் உண்டு. எல்லாம் வெறும் வாயோடுதான் வந்தன. வந்து, உள்ளே போய், மறுபடி வெள்ளையாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயின.

கட்டைவிரலால் செடியின் அடிப்பாகத்தை அழுத்தினார். முன்பக்கம் கல்லாக இருந்தது. பலகையை ஒட்டிய பின்பக்கத்தில் விரல் உள்ளே போயிற்று. புளித்த வாடை வந்தது. அவர் கையை எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டு, "அறுத்துப் பாத்துடலாம்ணே. நல்ல பாகம் ஏதாவது மிஞ்சியிருந்தா காப்பாத்தலாம்," என்றார்.

பதினாலு வருஷமாக யாரையும் அதன்மேல் கத்தி வைக்க விட்டதில்லை அவர். இன்று அவரே பலகையை இறக்கி மேஜைமேல் வைத்து, தன்னுடைய மடக்கு ரம்பத்தை எடுத்து, நடுவில் அறுத்தார். பாதிவரை கறகறவென்று அறுபட்டது. அதற்குப் பிறகு ரம்பம் தானாக இறங்கியது. பழுப்புக் கூழ் வழிந்து மேஜையில் ஓடியது. வழவழப்பான அறைகள் ஒவ்வொன்றும் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தன. சொரசொரப்பான அறைகளில் மட்டும் பழைய பிணங்கள் கிடந்தன. ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் உள்ளேயே தேங்கி மாதக்கணக்கில் அழுக வைத்திருக்கிறது. இத்தனைக்கும் மேலே இலை ஒன்றுகூட வாடவில்லை. அந்த இரண்டு பூவும் அப்படியே இருந்தன.

"இலையைப் பாத்து ஏமாந்துட்டேன்," என்றார்.

"எல்லாருமே இலையைத்தான்ணே பாப்போம். எறும்புக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. குழந்தைங்களை எல்லாம் முதல்ல கொண்டுபோய்ச் சேத்துடுச்சு. பெரிசுங்க கடைசியாப் போகும்."

டாக்டரம்மா செடியைப் பற்றித்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்? ஆனால் இவர் கையிலிருந்த ரம்பம் மேஜைமேல் விழுந்தது. குல்லா. இரண்டு சட்டை. போர்வை. தடுப்பூசி அட்டை. குழந்தையுடையதெல்லாம் முதலில் வந்திருக்கிறது. ஒவ்வொன்றாக, அவர் கண்ணில் படாமல், வாரத்துக்கு ஒன்றாக. ஒவ்வொன்றையும் அவர் மடித்து, பையில் போட்டு, திருப்பி அனுப்பியிருக்கிறார். கடைசியில் அவரே தூக்கிக்கொண்டு போய் அந்த ஆள் கையில் கொடுத்து, எங்கெங்கே ஒளித்து வைத்தாள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டும் வந்திருக்கிறார். இருங்கப்பா, ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க. பழக்க தோஷம், ரம்பத்தைத் துடைத்து மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த ஃபைல்..."

"அது பத்திரமா இருக்கு. அதை இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல. நான் போன வெள்ளிக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். அவன்கிட்ட."

அவள் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, போர்வைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டாள். எல்லாம் போட்ட பிறகும் காலித்தட்டில் கையைவிட்டுத் துழாவினாள். அப்புறம் அந்தப் போர்வைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவள் பேசிய குரலை முப்பது வருஷத்தில் அவர் கேட்டதில்லை.

"நேத்துதான் அவ வர்றதா இருந்த நாள். ஹார்ன் அடிச்சா கீழ இறங்க மாட்டேன்மா, இனிமே இங்கதான்னு சொல்லியிருந்தா. ஒவ்வொண்ணா கொண்டுவந்து சேத்துக்கிட்டு இருந்தா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா. அப்பாவுக்குத் தெரிஞ்சா மறுபடி கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவாருன்னு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

"நீங்க மட்டும் இல்ல," என்றாள் அவள். "நானும்தான். வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சத்தியமாம் சத்தியம்."

மகள் வீட்டுக்குப் போகிற வழியிலேயே மனைவி போலீசுக்குப் போன் செய்தாள். முகவரி கேட்டார்கள், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. அவர்கள் அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. கீழே மாப்பிள்ளையின் வண்டி இல்லை. ஷிஃப்டுக்குப் போயிருக்க வேண்டும். மூன்று மாடியையும் அவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கதவில் வெளியே ஒரு புதிய கொண்டி அடித்து, கைப்பிடி அளவுக்குப் பூட்டு ஒன்று தொங்கியது.

அவர் கதவைத் தட்டினார். "கண்ணு, அப்பா வந்திருக்கேன்," என்றார். உள்ளே எங்கோ குழந்தை இருமியது. உடனே யாரோ அதன் வாயைப் பொத்தியதுபோல் இருமல் பாதியில் நின்றது. அவர் மறுபடி தட்டினார். "கண்ணு, அப்பாதான். கதவுக்கிட்ட வா."

உள்ளே எதையோ தரையில் இழுத்துக்கொண்டு வருவதுபோல் சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக, அவள் குரல் வந்தது. நாக்கு தடித்த மாதிரி குழறியது.

"அம்மா வந்திருக்காளா?"

"வந்திருக்கேன்டி," என்று மனைவி தரையில் விழுந்து, கதவின் கீழ் இடுக்கில் கன்னத்தை வைத்தாள். "வந்திருக்கேன் என் தங்கமே. எழுந்திரிக்க முடியுதா?"

"முடியலம்மா. கால்."

அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் மட்டும்தான் பேசினாள். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்றாள். பால் பவுடர் தீர்ந்துவிட்டது என்றாள். ஃபைலை அவன் அடுப்பில் போட்டுவிட்டான் என்று சொன்னாள், ஏதோ பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் போல. கொஞ்சம் நிறுத்தி, கதவின் கீழ் இடுக்கு வழியாக எதையோ தள்ளினாள். பாதி வந்து மாட்டிக்கொண்டது. மனைவி விரலால் இழுத்து எடுத்தாள். குழந்தையின் கம்பளிக் குல்லா.

"இதை வச்சுக்கோம்மா," என்றாள் மகள். "அப்பாகிட்டக் கொடுக்காத."

எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவள் பின்னால் இன்னொரு முகம். மேல் மாடிக் கைப்பிடியிலிருந்து ஒருவர் குனிந்து, "யாருங்க நீங்க? யார் வீட்ல என்ன பண்றீங்க?" என்றார். அவர் எந்த நாலு பேருக்குப் பயந்தாரோ அந்த நாலு பேரும் வந்து நின்றிருந்தார்கள்.

"இது என் பொண்ணு," என்றார் அவர். "உள்ள வச்சுப் பூட்டியிருக்கான். அடிச்சிருக்கான். போன வருஷமும் அடிச்சான். எனக்குத் தெரியும். தெரிஞ்சே நான்தான் கொண்டுவந்து விட்டேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து மடக்கு ரம்பத்தை எடுத்து விரித்தார். அதன் பற்களில் இன்னும் அழுகல் வாடை இருந்தது. பூட்டை அந்த ரம்பம் ஒன்றும் செய்யாது என்று தெரியும். கொண்டி அடித்திருந்த இடத்தில், கதவின் விளிம்பு மரத்தில் பற்களை வைத்து இழுத்தார். முதல் இழுப்பில் வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. மறுபடி வைத்து இழுத்தார். பழைய மரம், இரும்பாக இருந்தது. மனைவி கதவின் கீழே படுத்தபடியே இருந்தாள். இடுக்கு வழியாக மகளின் இரண்டு விரல்கள் வெளியே வந்து அவள் விரலைப் பிடித்திருந்தன. நகங்களைச் சுற்றிக் கறுத்திருந்தது.

கீழே படிக்கட்டில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. போலீஸ் பூட்ஸா, அவன் செருப்பா என்று தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண் எட்டிக் கீழே பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரம்பத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். மரத்தூள் வெள்ளையாக உதிர்ந்து, மகளின் அந்த இரண்டு விரல்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது.